இடது சீட்டு ஓனரம்மா

"என்ன வேணும், ஓனரம்மா? வரும்போது என்ன வாங்கிட்டு வர?"

"ஒண்ணும் வேணாம். நீங்க நல்லபடியா வந்தா போதும்."

"எப்பப் பாரு இதே பாட்டு. இன்னிக்கு நிஜமாவே கேக்கறேன். உனக்கு என்னதான் வேணும்?"

"நானும் நிஜமாவேதான் சொல்றேன். கிளம்புங்க முதல்ல. பின்னாடி பால் வண்டி நிக்குது பாருங்க, அந்த ஆள் என்னை முறைக்கிறான்."

அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு இதுதான். தெருமுனையில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. வெயில் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன வலது முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி அவர் கேட்டார். அவள் கீழே நின்று, கண்ணைச் சுருக்கி, அண்ணாந்து பார்த்துப் பதில் சொன்னாள்.

ஓனரம்மா என்பது அவர் வைத்த பெயர். கல்யாணமான புதிதில், "லாரிக்கு ஓனர் முதலாளி. எனக்கு ஓனர் நீ" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பெயரை அவர் ரேஷன் அட்டையில் மட்டும்தான் பார்த்திருப்பார்.

இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அதே கேள்வி, அதே பதில். ஆனால் பதில் பொய். அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை, அந்த லாரியில், அவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஒரு ட்ரிப் போய்வர வேண்டும். அவர் வந்து வந்து சொல்கிற மூடுபனிப் பள்ளத்தாக்கை, ஒரு மைல் நீளப் பாலத்தை, சாலையைக் குறுக்கே கடக்கிற மயில்களை, அவர் பார்க்கிற உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். முதல் வருஷம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்புறம் மகள் பிறந்தாள். அப்புறம் மாமனார் படுக்கையில் விழுந்தார். அப்புறம், 'இந்த வயசில் என்ன லாரிச் சவாரி' என்று தானே தன்னை அதட்டிக்கொண்டாள். கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். சந்தோஷத்தில் குதித்திருப்பார். அது தெரிந்தும் கேட்கவில்லை.

அன்றைக்கு என்னவோ வாய்வரை வந்துவிட்டது. அவள் உதட்டைப் பிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அவர் தலையை இடது பக்கம் திருப்பிச் சிரித்தார்.

சும்மா சிரிக்கிற சிரிப்பு இல்லை. பக்கத்தில் இருக்கிறவர் ஏதோ கேலி சொன்னால் வருமே, அந்தச் சிரிப்பு.

கீழே நிற்கிறவளுக்கு இடது சீட்டு தெரியாது. லாரியின் உயரம் அப்படி. சொல்ல வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். அவர் வழக்கம்போல ஹாரனை இரண்டு தடவை, சின்னதாக, அவளுக்கு மட்டும் கேட்பதுபோலத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை, லாரி ஷெட்டின் ஆபீஸ் கிளார்க் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. சொல்ல வந்த சாவுச் செய்தியை விட்டுவிட்டு முதலில் அவர் கேட்டது வேறு.

"நீங்க... நீங்க எப்ப வந்தீங்க?"

அவள் எங்கே போயிருந்தாள், எங்கிருந்து வர?

அடுத்த நிமிஷம் அவர் சொன்ன செய்தியில் உலகமே கவிழ்ந்துவிட, அந்தக் கேள்வி எங்கோ அடியில் போய்த் தங்கிவிட்டது. அழுது ஓய்ந்த பிறகு, ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அது மேலே மிதந்து வந்தது. வந்தது மட்டுமல்ல, பழைய சங்கதிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது.

முதல் சங்கதி, ஸ்வெட்டர். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவளே பின்னிய நீல ஸ்வெட்டர். மேலிருந்து இரண்டாவது பொத்தான் தொலைந்துபோய், அந்த இடத்தில் அவருடைய சட்டையிலிருந்து பிய்த்த வெள்ளைப் பொத்தானைத் தைத்திருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அது கொடியிலிருந்து காணாமல் போயிற்று. "என் ஸ்வெட்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டதற்கு, "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார். ஸ்வெட்டரை இழுத்துக்கொண்டு போகிற எலி என்ன எலி? அவர் காது மடல் சிவந்திருந்தது. பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும்.

இரண்டாவது சங்கதி, அடுத்த தெருத் தையல்காரி சொன்னது. "உன் வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்தேன். கூட ஒரு பொம்பளை. நீல ஸ்வெட்டர் போட்டிருந்தா. நீதானேன்னு கையாட்டினேன், அவ திரும்பவே இல்ல."

அவள் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் காது சிவக்குமோ என்கிற பயம். எட்டு வருஷமாக, துவைக்கப் போடுகிற ஒவ்வொரு சட்டையையும் முகர்ந்து பார்த்தாள். டீசலும், அவர் தூக்கம் வராமல் இருக்க மெல்லுகிற கிராம்பும் தவிர வேறு வாசனை அகப்படவில்லை. அகப்படாததும் சந்தேகத்தைக் குறைக்கவில்லை.

அவர் எப்படிப்பட்ட மனுஷர் என்று ஊரே சொல்லும். ஐம்பதுக்கு மேல் வேக முள் ஏறாது. அதனால் ஷெட்டில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். மகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டை எதிரே வரும் வண்டிகளின் நம்பர் பலகையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் படுத்தால்கூடத் தூக்கத்தில் அவர் வலது கால் பிரேக் மிதிக்கும்; கட்டில் ஓரத்தில் இரண்டு விரல்கடை மரம் தேய்ந்துபோயிருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவரை இடது சீட்டில் ஒருத்தியோடு நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆகவே, ஷெட்டில் அவருடைய படத்தை மாட்டப்போகிறோம், வாருங்கள் என்று ஆள் வந்து கூப்பிட்டபோது, அவள் உடனே தலையாட்டினாள். படத்துக்காக இல்லை. அந்த ஒருத்தி யார் என்று தெரிந்துகொண்டாக வேண்டும்.

*

மேகம் கவிந்த முற்பகல். மருந்துக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மகளும் வந்திருந்தாள். அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதி, நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஷெட்டின் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. இரும்புக் கேட்டைத் திறந்த காவலாளி அவளைப் பார்த்ததும், யார் என்று கேட்காமலே ஒதுங்கி நின்றார்.

"வாங்க ஓனரம்மா." பிறகு, தனக்குள் சொல்வதுபோல, "நடந்து வர்றதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார்.

அவளுக்கு அது சரியாகப் புரியவில்லை. மகளைப் பார்த்தாள். மகள் கீழே தேங்கியிருந்த தண்ணீரில் கால் வைக்காமல் நடப்பதில் கவனமாக இருந்தாள். தண்ணீரின் மேல் டீசல் வானவில்லாகப் படர்ந்திருந்தது. தகரக் கூரைக்கு அடியில் பழைய கிரீஸின் நெடி. கோடியில், மதில் சுவரோடு ஒட்டி, அவருடைய லாரி நின்றது. முகம் கேட்டைப் பார்த்திருந்தது. எல்லா டயருக்கும் கல் வைத்திருந்தார்கள்.

ஓடாமல் நிற்கிற வண்டிக்கு எதற்கு எல்லா டயருக்கும் கல்?

ஆபீஸ் அறையில் பத்துப் பதினைந்து பேர். படத்தை மாட்டினார்கள். படத்தில் அவர், போட்டோக்காரன் சிரிக்கச் சொன்ன பிறகும் நிதானமாகவே இருந்தார். முதலாளி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து எழுந்தது 'ஒல்லி'. வாசலில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிகிற உடம்பு. அதற்குத்தான் அந்தப் பெயர்.

"அண்ணன் ஓட்டுனது லாரியா, ஆமையான்னு எங்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம்," என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "ஒரு தடவை வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடக்குது. முன்னூறு வாத்து இருக்கும். அண்ணன் எஞ்சினையே அணைச்சிட்டாரு. பின்னாடி நாங்க ஆறு வண்டி. ஹாரன் அடிச்சா இறங்கி வந்து சொல்றாரு, 'டேய், அதுங்களும் குடும்பத்தோட போகுதுடா'ன்னு. அரை மணி நேரம்! நாங்கெல்லாம் கீழே இறங்கி நின்னுட்டோம். ஓனரம்மா மட்டும் இறங்கவே இல்ல. கன்னத்தை ஜன்னல் கம்பியில வச்சுக்கிட்டு, எங்களைப் பார்த்து ஒரே சிரிப்பு."

ஒல்லி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஞாபகம் இருக்கிறதல்லவா என்பதுபோல.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

கிளார்க் எழுந்தார். "வெள்ளம் வந்த வருஷம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணிக்கு அடியில பாலம் உடைஞ்சு கிடக்கு, ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணன் முன் டயர் தண்ணியில பட்டதும் நிறுத்திட்டாரு. எப்படிண்ணே தெரிஞ்சுதுன்னு கேட்டேன். 'எனக்கென்ன தெரியும்? ஓனரம்மாதான் நில்லுங்கன்னா'ன்னாரு." அவர் அவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அன்னிக்கு நீங்க சொல்லலேன்னா மூணு வண்டி போயிருக்கும்மா."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நன்றியோடு பார்த்தார்கள்.

மகள் காதோரம் குனிந்தாள். "நீ எப்பம்மா போனே? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நான் போகலடி."

"பின்ன?"

அவளுக்குக் காதில் ரத்தம் குப்பென்று ஏறியது. ஆக, உண்மைதான். யாரோ ஒருத்தியைத் தன் பெண்டாட்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, தன் பெயரையும் அவளுக்கே கொடுத்து, ஸ்வெட்டரையும் போட்டுவிட்டு... நல்ல நிதானம்! இந்தப் படத்தைக் கழற்றி வீசினால் என்ன?

அந்தக் கோபம் கொதித்து மேலே வரும்போதே, அதன் நடுவில் ஒரு குளிர்ந்த யோசனை வந்து விழுந்தது.

இவர்கள் எல்லோரும் அந்த ஒருத்தியை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். முகத்துக்கு முகம் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால், தன்னைப் பார்த்ததும் 'இது வேறு யாரோ' என்று ஏன் ஒருவர்கூடத் திகைக்கவில்லை?

"அன்னிக்கு..." அவள் கிளார்க்கின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு உங்களுக்குச் சேதி சொன்னது யாரு?"

கிளார்க் தடுமாறினார். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? அண்ணன் போன்லேருந்து நீங்கதானே பேசினீங்க. 'ஓனரம்மா பேசறேன். அவர் தூங்கிட்டாரு. வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு. நாங்க போய்ப் பார்த்தப்ப வண்டி ஓரமா, மரத்தடியில, அழகா நிறுத்தியிருந்துது. டயருக்குக் கல்லுகூட வச்சிருந்தீங்க. டாக்டர் சொன்னாரு, ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே உயிர் போயிடுச்சு, பிரேக்கைத் தொட்டிருக்கக்கூட முடியாதுன்னு. நீங்க மட்டும் கூட இல்லேன்னா அந்த மலை இறக்கத்துல... உங்க பொண்ணுக்குச் சேதி சொல்ல வந்தா, கதவைத் திறந்தது நீங்க. நாங்க போறதுக்குள்ள நீங்க பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டீங்கன்னு நினைச்சேன். அப்படித்தானே?"



அவளுக்கு ஒரு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

*

மூச்சு முட்டுகிறது என்று மகளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கால்கள் தாமாகவே அந்த மதில் மூலைக்குப் போயின.

லாரிக்குப் பக்கத்தில், குப்புறக் கவிழ்த்த ஒரு டப்பாவின் மேல் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் 'ஸ்பானர்' என்று கூப்பிடுகிற கிழவர். படம் மாட்டுகிற இடத்துக்கு வராதவர் அவர் ஒருவர்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தார். முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் லாரியின் முன்கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி அவள் முகத்தை.

"நீங்க வீட்டுலேருந்துதானே வர்றீங்க?" என்றார்.

"ஏன், வேற எங்கேருந்து வரணும்?"

"இல்ல, கேட்டேன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாரும் சொன்னாங்களா உள்ளே? ஓனரம்மா அங்கே இருந்தாங்க, இங்கே இருந்தாங்கன்னு?"

"அவ யாரு?" அவள் நேராகக் கேட்டாள். "மறைக்காம சொல்லுங்க. யாரு அவ?"

ஸ்பானர் கையிலிருந்த கந்தலில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விரல்கள் சுத்தமாகத்தான் இருந்தன.

"தனியா நெடுந்தூரம் ஓட்டுறவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டும்மா. பக்கத்துச் சீட்டைக் காலியா விடக்கூடாது. சாக்கைப் போடு, தண்ணிக் கேனை வை, எதையாவது வை. ஏன்னா, தனியா ஓட்டுறவன் தூக்கம் வராம இருக்கப் பேசுவான். காலிச் சீட்டைப் பார்த்துப் பேசிக்கிட்டே இருந்தா, என்னிக்காவது ஒருநாள் அங்கே வந்து எதாவது உக்காந்துக்கும்னு சொல்லுவாங்க. ரோட்டுல என்னென்ன அலையுதோ, யாரு கண்டா?"

"இவர் என்ன வச்சாரு?"

"உங்க ஸ்வெட்டரை."

அவள் அண்ணாந்து லாரியின் முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

"சீட்டு முதுகுக்குப் போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி வைப்பாரு. பார்த்தா ஆள் உக்காந்த மாதிரியே இருக்கும். உங்ககிட்டேருந்து திருடினதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாரு. அதுகிட்ட பேசிக்கிட்டே போவாராம். வாத்தைக் காட்டுவாராம், பாலத்தைக் காட்டுவாராம். 'அவளுக்கு இதெல்லாம் பாக்கணும்னு ஆசை ஸ்பானரே, வாயைத் திறந்து கேக்க மாட்டேங்கறா, நானா கூப்பிட்டா வீட்டு வேலை கிடக்குன்னுடுவா'ன்னு சொல்லுவாரு."

அவருக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. எட்டு வருஷம் சட்டையை முகர்ந்து பார்த்த மூக்கை அறுத்துப் போடலாம்போல இருந்தது. எந்தச் சண்டாளியும் இல்லை. அந்தச் சீட்டில் தன்னைத்தான் வைத்திருந்தார். தன்னிடம்தான் பேசினார். கிறுக்கு மனுஷர்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மொட்டை மாடித் துணியைக்கூட எடுக்காமல் ஓடி வந்திருக்க மாட்டாளா?

"நான் சொன்னேம்மா," என்றார் ஸ்பானர். அவர் அழவில்லை. பயந்திருந்தார். "சாக்கு போடு, உடுத்தின துணியைப் போடாதே, அதுல ஆளோட சாயல் ஒட்டியிருக்கும்னு சொன்னேன். அதுமேல பேரைச் சொல்லி வேற கூப்பிடறே, வேணாம்னேன். கேக்கல. முதல் ரெண்டு வருஷம் அவர் மட்டும்தான் பேசினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அது பதில் சொல்ல ஆரம்பிச்சுதுன்னாரு."

ஒரு பெரிய மழைத்துளி தகரத்தில் விழுந்து வெடித்தது.

"அது கெட்டது செஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்று அவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "வெள்ளத்துல நிறுத்துச்சு. கடைசியில வண்டியை ஓரங்கட்டிக் கல்லும் வச்சுது. ஆனா அவர் போயிட்டாரே, இன்னும் ஏன் இறங்கல? வண்டி வந்ததுலேருந்து மூணு தடவை ஸ்வெட்டரைக் கழட்டி ஆபீஸ் அலமாரியில பூட்டினேன். காலையில வந்தா மறுபடி சீட்டுல. பொத்தான் போட்டு. அதான் பேட்டரியை இறக்கிட்டேன், எல்லா டயருக்கும் கல் வச்சிருக்கேன்." பேட்டரி அவர் காலடியில் தரையில் கிடந்தது. "அது உங்க பொருள். நீங்க எடுத்தா ஒருவேளை சும்மா இருக்கும். ஏறி எடுத்துட்டு இறங்கிடுங்க. ஆனா ஒண்ணு. சீட்டைப் பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசிடாதீங்க."

இடது கதவு மதில் சுவரோடு ஒட்டியிருந்தது. ஒரு கை நுழைகிற இடைவெளிதான். அவள் சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துப் படியில் கால் வைத்து, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த லாரியில் ஏறினாள்.

உள்ளே கிராம்பு வாசனை. ஸ்டியரிங்கில் அவர் கை பட்ட இடங்கள் பளபளவென்று வழுவழுத்திருந்தன. மகளின் பள்ளிக்கூடப் போட்டோ. செய்தித்தாளில் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்த கண்ணாடி.

இடது சீட்டில் நீல ஸ்வெட்டர் உட்கார்ந்திருந்தது.

எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. மேலிருந்து இரண்டாவது, வெள்ளை. இரண்டு கைகளும் மடியில், ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. அவள் டாக்டர் வீட்டில் காத்திருக்கும்போது அப்படித்தான் கை வைத்துக்கொள்வாள்.

பேசக்கூடாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தான்களைக் கழற்றினாள். உள்பக்கம் விரல் பட்டதும் கையை உதறிக்கொண்டாள்.

சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல.

தோளில் ஒரு நீள முடி. பாதிக்கு மேல் நரைத்த முடி. ஸ்வெட்டர் காணாமல் போனபோது அவளுக்கு ஒரு நரைகூட இல்லை. இப்போது தலைநிறைய இருக்கிறது.

ஸ்வெட்டரைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே கேட்டும், கேட்டுக்கு அப்பால் சாலையும் நீருக்குள் தெரிவதுபோல நெளிந்தன. இந்த உயரத்திலிருந்து சாலை எவ்வளவு அழகாக இருக்கிறது! இதைத்தான் வந்து வந்து சொன்னாரா?

ஒரே ஒரு நிமிஷம். அவர் தனக்கென்று வைத்திருந்த இடம். பேசினால்தானே தப்பு, உட்கார்ந்தால் என்ன?

அவள் நகர்ந்து இடது சீட்டில் உட்கார்ந்தாள்.

சீட்டின் பள்ளம் அவள் உடம்புக்கு அச்சு வார்த்ததுபோல் இருந்தது.

தலைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடி சாலையைப் பார்த்துத் திருப்பியிருக்கவில்லை. இடது சீட்டைப் பார்த்துத் திருப்பியிருந்தது. அவள் அதில் தன் முகத்தைப் பார்த்தாள். வீங்கிய கண்கள், கலைந்த முன்முடி, நீல ஸ்வெட்டர், வெள்ளைப் பொத்தான்.

அவள் மெதுவாகக் கீழே குனிந்து பார்த்தாள்.

ஸ்வெட்டர் அவள் மடியில் சுருண்டிருந்தது. உடம்பில் சாம்பல் நிறச் சேலைதான்.

மறுபடி நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

வலது பக்கம், டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் முனகியது. ஒரு கனமான ஆள் இடம் பார்த்து உட்காருகிற முனகல். ரெக்ஸின் உறை அமுங்கியது. புதிதாகக் கடித்த கிராம்பின் காரம் காற்றில் பரவியது.

கீழே, முன் டயருக்கு அடியிலிருந்து, கல் உருளுகிற சத்தம்.

பிறகு இன்னொரு கல்.

"யாரு கல்லை எடுக்கறது?" மழைக்குள் ஸ்பானரின் குரல் கிறீச்சிட்டது. "ஓனரம்மா! இறங்குங்க! இறங்குங்கம்மா!"

இடது கதவைத் தள்ளினாள். மதிலில் இடித்து நின்றது. இறங்குவதென்றால் அவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

பேட்டரி இல்லாத லாரியின் ஹாரன் இரண்டு தடவை, சின்னதாக, அவளுக்கு மட்டும் கேட்பதுபோல ஒலித்தது.

அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது.

அந்த மௌனம் அவளுக்குப் பழக்கமானது. இருபத்தாறு வருஷப் பழக்கம். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக, முழங்கையை ஜன்னலில் ஊன்றிக் காத்திருக்கிற மௌனம்.

ஆபீஸ் வாசலிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா! உன்னைப் பேசச் சொல்றாங்க! எங்கே இருக்கே?"

மகளுக்கு இனி யார் இருக்கிறார்கள்? அவரிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். வழக்கமாகச் சொல்வதையே சொல்லி அனுப்பிவிட வேண்டும். ஸ்பானர் சொன்னது நினைவுக்கு வருவதற்குள் நாக்கு பழக்கத்தில் புரண்டுவிட்டது.

"ஒண்ணும் வேணாம். நீங்க நல்லபடியா..."

சட்டென்று நிறுத்தினாள். மிச்சம் இருப்பது என்ன? 'வந்தா போதும்.' போனவரைப் பார்த்து, வா என்று எப்படிச் சொல்வது?

இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். இனி ஒரு சொல் வெளியே வராது. மகள் தேடி வருகிறவரை, யாராவது வந்து கையைப் பிடித்து இழுக்கிறவரை, ஒரு சொல்லும் வராது.

தெரியாத்தனமாகக் கண் மேலே போயிற்று.

கண்ணாடியில் இருந்தவள் வாயைப் பொத்தியிருக்கவில்லை. அவள் கைகள் மடியில், ஒன்றின் மேல் ஒன்றாக, அமைதியாக இருந்தன. அவள் வெட்கப்படுகிற புதுப்பெண்போல உதட்டை மடித்தாள். பிறகு டிரைவர் சீட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

பொத்திய விரல்களுக்கு அடியில் தன் உதடுகள் அசையவே இல்லை என்பது ஓனரம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மழைச் சத்தத்துக்கு மேலே, இத்தனை வருஷமாக யாரும் கேட்காத அந்த வார்த்தை, அவளுடைய சொந்தக் குரலில் கேட்டது.

"என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்."